அப்பாவின் பதினேழு மார்

எங்கள் வீட்டில் எனக்குக் ‘கோயில் மைக்’ என்று ஒரு பெயர் உண்டு. வைத்தவர் அம்மா. காலையில் வீட்டுக்குள் பேசுகிற எதுவும் மதியத்துக்குள் கடற்கரை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். கொண்டுபோய்ச் சேர்ப்பவள் நான். அம்மா புதுச் சேலையை எந்தப் பெட்டியில் ஒளித்து வைத்திருக்கிறாள், அப்பா யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார், எல்லாம் என் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். ஒரு ரகசியம் என் வயிற்றில் ஒரு ராத்திரி தங்கியதாகச் சரித்திரம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இது நான் அப்பாவைக் காட்டிக்கொடுத்த கதை.

அது ஒரு மே மாதம். எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும், நானும் முடித்துவிட்டேன். அந்த மாதக் கடைசியில் எனக்கு முதல் நற்கருணை, கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற சடங்கு. வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. விருந்துக்கு அம்மா பட்டியல் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், அம்மாவின் தம்பியான எங்கள் மாமா மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கினார்.

மாமாவுக்கு அங்கே ஒரு படகில் வேலை. வெள்ளைக்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கவிட்டுத் திரும்பக் கொண்டுவரும் படகு. மீன் பிடிப்பதை விளையாட்டு என்று சொல்கிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அப்பாவுக்குத் தீராத ஆச்சரியம். மாமா ஒரு மாத லீவு என்றார். காரிலிருந்து பெட்டி பெட்டியாக இறங்கிக்கொண்டே இருந்தது. கம்பளி, இஸ்திரிப் பெட்டி, சோறு வைக்கிற குக்கர், சட்டை மாட்டுகிற பிளாஸ்டிக் ஹேங்கர்கள்கூட ஒரு கட்டு வந்தது. நான் அதையெல்லாம் எங்கே கவனித்தேன்? எனக்கென்று வந்த மிட்டாய் டப்பாவை மடியில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு முடிந்ததும் மாமா ஒரு துணிப்பொதியை மேசைமேல் வைத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு ரீல்கள் இருந்தன. தூண்டில் கயிற்றைச் சுற்றிவைக்கிற கைப்பிடி இயந்திரங்கள். ஒன்று தங்க நிறத்தில் தகதகவென்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான், வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொன்று கறுப்பு. தடித்த உடம்பு, தலையில் சின்னக் கண்ணாடி ஜன்னல், அதற்குள் மூன்று எண்கள். சுற்றச் சுற்ற எண் மாறியது. எத்தனை அடி கயிறு வெளியே போயிருக்கிறது என்பதை அது காட்டுமாம்.

“அத்தானே, இதுல எது வேணுமோ அத வள்ளத்துல கெட்டுவோம்” என்றார் மாமா.

அப்பா இரண்டையும் தொட்டுப் பார்த்தார். “கையி எதுக்காக்கும் இருக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் கை கழுவப் போனார். நான் உடனே தங்க ரீலுக்கு ஓட்டுப் போட்டேன்.

அப்பாவின் தொழிலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வள்ளத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் கயிற்றில் ஒரு பொய் மீனை இழுத்துக்கொண்டு போவார். பிளாஸ்டிக் மீன்தான், ஆனால் தண்ணீருக்குள் உயிருள்ளதுபோல வளைந்து நெளியும். நெய்மீன் அதை நம்பிக் கவ்வும். எவ்வளவு கயிறு விடுகிறோமோ அவ்வளவு கீழே அது இறங்கும். கயிறு குறைந்தால் மீனின் தலைக்கு மேலே சும்மா ஊர்வலம் போய்விட்டு வரும். கூடினால் அடியில் இருக்கிற பாறையில் மாட்டிக்கொள்ளும். ஆகவே எல்லாம் அளவில் இருக்கிறது. அளவு என்றால் மார். இரண்டு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு மார். கயிற்றை நெஞ்சுக்குக் குறுக்கே இழுத்து இழுத்து, ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணிக் கடலுக்குள் விடுவார்கள். எந்தப் பாறைக்கு எத்தனை மார் என்பதை ஒருவரும் இன்னொருவருக்குச் சொல்ல மாட்டார்கள். அண்ணன் தம்பிக்குச் சொல்ல மாட்டான். அப்பா அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அம்மாவுக்கும் அது தேவைப்பட்டதில்லை.

மாமா என் ஓட்டை மதித்து முதலில் தங்க ரீலைக் கட்டிக்கொண்டு அப்பாவோடு கடலுக்குப் போனார். இரண்டு நாளில் மூன்று பொய் மீன்களைப் பாறைக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தார். அந்த ரீல் வேகமாகச் சுற்றும், பெரிய மீன் இழுத்தாலும் பிடித்து நிறுத்தும், எல்லாம் சரி. ஆனால் கயிறு எவ்வளவு போயிருக்கிறது என்று அதற்கும் தெரியாது, வைத்திருப்பவருக்கும் தெரியாது. கையால் கயிறு விடுகிறவருக்கு மார்க் கணக்கு இருக்கிறது. ரீலிலிருந்து கயிறு தானாக ஓடும்போது எந்த மாரை எண்ணுவது?

மூன்றாம் நாள் கறுப்பைக் கட்டினார். பாறையில் மாட்டவில்லை. மீனும் மாட்டவில்லை. அதே வள்ளத்தில், அதே கடலில், அப்பா இரண்டு நெய்மீனும் ஒரு சூரையும் பிடித்தார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு கிடைத்தது. “மாப்ள, மீட்டரு இன்னைக்கு எவ்வளவு ஓடிச்சு?” என்று மாமா போகும்போதும் வரும்போதும் கேட்டார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அன்று மதியம் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். அம்மா வைத்த கணவாய் மீன் கூட்டை மாமா வேண்டாம் என்று சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் என்னைக் கூட்டிக்கொண்டு கோயில் காம்பவுண்டுச் சுவரோரம் போனார். அம்மாவின் தையல் டேப்பை இருபது தடவை மாற்றி மாற்றி வைத்து நூறு அடி அளந்து, மண்ணில் கோடு போட்டோம். கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நான் நடக்க வேண்டும். கோட்டில் போய் நின்றதும் மாமா கறுப்பு ரீலின் ஜன்னலைப் பார்த்தார். நூற்றுநாற்பது.

“இந்தச் சவம் பொய்யாக்கும் சொல்லுகு” என்று கத்தினார்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து அரைமணி நேரம் யோசித்தார். பிறகு தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். இயந்திரம் கயிற்றை அளக்கவில்லை, உருளை எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. உருளை நிறையக் கயிறு இருந்தால் ஒரு சுற்றுக்கு நீளமாகப் போகும். பாதிதான் இருந்தால் ஒரு சுற்றுக்குக் கொஞ்சம்தான் போகும். மாமா பாதி உருளைக்குத்தான் கயிறு சுற்றியிருந்தார். நூற்றுநாற்பது என்று நம்பி நூறு அடிதான் விட்டிருக்கிறார். நெய்மீன்களின் தலைக்கு மேலே மூன்றாம் நாள் முழுக்க ஊர்வலம் நடந்திருக்கிறது. வீட்டில் கிடந்த பழைய தங்கூஸ் நைலான் கயிற்றை அடியில் சுற்றி, அதற்கு மேல் நல்ல கயிற்றைச் சுற்றி, விளிம்புவரை நிரப்பினோம். மறுபடி நடந்தேன். நூறு என்று காட்டியது. மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

ஆக, இயந்திரம் உண்மை பேசத் தொடங்கிவிட்டது. ஆனால் எத்தனை அடி விட வேண்டும் என்பதை அது சொல்லாதே!

அன்று சாப்பிடும்போது, வாழ்நாளில் சீட்டுக்கட்டைக்கூடத் தொடாத அப்பா ஒரு பந்தயம் கட்டினார். சனிக்கிழமை கடலுக்குப் போவோம். ஆளுக்கு ஒரு கயிறு. முதல் நெய்மீன் யாருக்கோ அவருக்கு ஜெயம். தோற்றவர் மீசையை எடுக்க வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என் நற்கருணை விருந்துக்கு அந்த மீன்.

மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தோத்தா மீச மட்டும் இல்ல அத்தான். இது ரெண்டையும் பெட்டியில போட்டுட்டு, நான் எனக்க வழியப் பாத்துப் போறேன்.”

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். வழி என்றால் மஸ்கட் வழி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எனக்கு வந்த சங்கடம் ஒருவருக்கும் வந்திருக்காது. அப்பாவின் மீசை எங்கள் தெருவிலேயே பெரியது. சின்ன வயதில் அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்குவேனாம். அதில்லாத அப்பாவை எனக்குக் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. அதே சமயம், மாமா போய்விட்டால் என்னைத் தட்டாமாலை சுற்ற யார் இருக்கிறார்கள்? இரண்டு பேரும் ஜெயிக்கட்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். மாதாவுக்கும் இதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

வியாழக்கிழமை காலை அப்பா வள்ளத்து நிழலில் உட்கார்ந்து தூண்டில் முள்ளில் ஏறிய துருவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். திடீரென்று தானாகவே பேசினார்.

“தெக்கத்திப் பாருல பதினேழு மாரு விடணும், மக்ளே. இஞ்சின் பைய ஓடணும். பதினெட்டு விட்டா பாறையில மாட்டும். பதினாறுன்னா மீனு திரும்பிப் பாக்காது.”

தெக்கத்திப் பாரு என்றால் ஊருக்குத் தெற்கே கடலடியில் கிடக்கிற பாறை. நான் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஆருட்டயும் சொல்லப்பிடாது, கேட்டியா? மாமாவுட்ட சொல்லவே பிடாது.”

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் பெருமையை எப்படிச் சொல்வேன்! ஊரில் ஒருவருக்கும் தெரியாத எண், அம்மாவுக்கும் தெரியாத எண், என்னிடம் இருந்தது. அதோடு வீட்டுக்கு வந்தேன். பிறகு கிணற்றடிக்குப் போனேன். கோழிக்கூண்டைத் திறந்து கோழிகளிடம் பதினேழு என்று சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாமா பின்வாசலில் உட்கார்ந்து ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என் மிட்டாய் டப்பா காலியாகியிருந்தது. அவரிடம் இன்னும் கொஞ்சம் மிட்டாய் இருப்பது எனக்குத் தெரியும்.

“மாமா, எனக்கு ஒரு விஷயம் தெரியும். ஆனா சொல்லமாட்டேன்” என்றேன்.

மாமா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தந்திரம். கேட்டிருந்தால் நான் இன்னும் கால்மணி நேரமாவது தாக்குப்பிடித்திருப்பேன். அவர் பாட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், இஞ்சின் வேகம் உட்பட. மாமா ஏழு மிட்டாய் கொடுத்தார். முதல் மிட்டாயை உரிக்கும்போதே அவர் முகம் வாடிவிட்டது.

“பதினேழு மாரு செரி. ஆருக்க மாரு? அத்தானுக்க மாரில்லா?”

அப்பா நெட்டையானவர். அவர் கைகள் இன்னும் நெட்டை. மாமா என் அம்மாவின் தோளுக்குத்தான் இருப்பார். மாமா பதினேழு மார் விட்டால் அது அப்பாவுக்குப் பதினைந்துகூட வராது. அப்பாவின் ஒரு மார் எத்தனை அங்குலம் என்று தெரிந்தால் ஒழிய அந்த எண்ணால் பிரயோஜனம் இல்லை. எங்கள் கடற்கரையில் ஒருவர் ரகசியத்தை இன்னொருவர் திருடினாலும் இப்படித்தான் பாதியில் நிற்கும், கையைத் திருட முடியாது அல்லவா?

நான் பாதிப் பாவம் செய்துவிட்டேன். மீதியையும் செய்துவிடலாம் என்று தோன்றியது. தையல் டேப்பையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அப்பா பின்சுவரோரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, கணக்கு டீச்சர் வீட்டுப்பாடம் தந்திருக்காங்க. அப்பாவுக்க கைய அளந்து எழுதணும்.”

அப்பா என்னையும் டேப்பையும் பார்த்தார். பிறகு ஈர்க்குச்சியைத் தூரப் போட்டுவிட்டு, சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் முழுக்க விரித்தார். விரல்களைக்கூட நீட்டினார். நான் ஒரு பக்கம் ஓடிப் பென்சிலால் கோடு போட்டேன். மறுபக்கம் ஓடிக் கோடு போட்டேன்.

“நகத்துக்க அறுதியில போடு. உள்ள போடாத” என்றார்.

அந்த நேரம் பார்த்து அம்மா துணி காயப்போட வந்தாள். சிலுவையில் நிற்பதுபோல் நிற்கிற புருஷனைப் பார்த்து, “இது என்ன கூத்து?” என்று கேட்டாள்.

“பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல கணக்காம்” என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், ஈரத்துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். உள்ளே பாத்திரம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. சிரிப்புச் சத்தமும் கேட்டது என்றுதான் ஞாபகம்.

டேப் அறுபது அங்குலம்தான். அறுபது வைத்து, அதற்கு மேல் பதினான்கு. எழுபத்துநாலு. ஆறடி இரண்டு அங்குலம் என்று எழுதப்போனேன். அப்பா எட்டிப் பார்த்து, “அங்குலமாட்டே எழுது மக்ளே. பெருக்க எளுப்பம்” என்றார். எழுபத்துநாலைப் பதினேழால் பெருக்கி, பன்னிரண்டால் வகுத்து, மாமாவிடம் தாளை நீட்டினேன். நூற்றைந்து அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் தப்பில்லாத கணக்கு அதுதான்.

சனிக்கிழமை விடியும் முன்பே இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் காலைச் சோறு தின்னவில்லை. பழைய வள்ளம் ஒன்றின்மேல் ஏறி நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா தோற்க வேண்டும், ஆனால் போகக்கூடாது. அப்பா ஜெயிக்க வேண்டும், ஆனால் மாமாவின் முகம் வாடக்கூடாது. இதற்கு எந்தப் பெருக்கல் கணக்கும் உதவவில்லை.

ஒன்பது மணி வாக்கில் எங்கள் வள்ளம் தெரிந்தது. அப்பா பின்னால் இஞ்சினைப் பிடித்திருந்தார். முன்னால், அணியத்தில், மாமா நின்றுகொண்டிருந்தார். வாலைப் பிடித்து இரண்டு கையாலும் ஒரு நெய்மீனைத் தூக்கிக் காட்டினார். மீன் அவர் இடுப்புயரத்துக்கு மேல் நீளமாக இருந்தது. அலையில் வள்ளம் தூக்கிப்போட்டும் அவர் உட்காரவில்லை. கரையில் இருந்தவர்களெல்லாம் கூவினார்கள். மீட்டர் என்று கேலி பண்ணியவர்களே ஓடிப்போய் வள்ளத்தைப் பிடித்து இழுத்தார்கள்.

“நூத்தஞ்சு! கரெக்டா நூத்தஞ்சு!” என்று மாமா எல்லாரிடமும் ஜன்னலைக் காட்டினார்.

அப்பாவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு உலகம் இருண்டுவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்து, சோப்பு நுரையைப் பூசினார். மாமா ஓடிவந்து கையைப் பிடித்தார். “அத்தானே, சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதாக்கும். வேண்டாம்” என்றார். அப்பா கேட்கவில்லை. இரண்டே இழுப்பு. மூக்குக்குக் கீழே வெயில் படாத ஒரு பட்டை வெளுப்பாகத் தெரிந்தது. யாரோ அந்நியர் அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. நான் ஓவென்று அழுதேன்.

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டே மாமாவிடம் பேசினார். அன்றைய பத்து வார்த்தைகளும் அதில் தீர்ந்திருக்கும்.

“மாப்ள, திங்கக்கிழம நீ வராம முடியாது. எனக்கு ஒத்தக் கயிறுதான் வரும். இந்த மெசினு ஓட்ட எனக்குத் தெரியாது.”

மாமா தலையை ஆட்டினார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் மட்டுமல்ல, அம்மாவும் மீசைக்காக அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அன்று சாயங்காலம்தான் என் முதல் பாவசங்கீர்த்தனம். மற்ற பிள்ளைகள் பொய் சொன்னேன், மாங்காய் திருடினேன் என்று சில்லறைப் பாவங்களோடு வரிசையில் நின்றார்கள். என்னிடம் இருந்தது யூதாசின் பாவம். முழங்காலிட்டு, “சாமி, எனக்க அப்பாவ ஏழு மிட்டாய்க்கு வித்துப்போட்டேன்” என்று தொடங்கி, பதினேழு மார், எழுபத்துநாலு அங்குலம், இஞ்சின் வேகம், எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்கு அந்தப் பக்கம் சாமியாருக்கு நீண்ட இருமல் வந்தது. மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். வெளியே வந்த பிறகுதான், அப்பாவின் ரகசியத்தை இரண்டாவது ஆளிடமும் சொல்லிவிட்டது எனக்கு உறைத்தது. இன்னும் மூன்று சேர்த்துச் சொன்னேன்.

மறுநாள் விருந்தில் அந்த நெய்மீனை ஊரே தின்றது. மாமாவின் லீவு முடியவேயில்லை. இன்றைக்கு மாமாவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம், நான்கு கறுப்பு ரீல்கள். தங்க ரீல் டி.வி. பக்கத்தில் மாதா சுரூபத்துக்குக் கீழே இருக்கிறது. அப்பாவின் மீசையும் ஆறு மாதத்தில் பழைய செழிப்புக்கு வந்துவிட்டது. என் குற்றவுணர்வு மட்டும் கல்லூரி போகும்வரை மறையவில்லை.

ஒருநாள் அம்மாதான் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்த மே மாதத்துக்கு முன்பே மஸ்கட் படகுக் கம்பெனியை மூடிவிட்டார்களாம். மாமா அதை அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். அக்காள் வீட்டில் சும்மா சோறு தின்ன மாட்டேன், அத்தான் வள்ளத்தில் இரக்கத்துக்கு ஏற மாட்டேன், கொச்சிக்குப் போய் ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குவேன் என்று நின்றிருக்கிறார். மாமாவுக்கு யாராவது வலியச் சொல்லிக்கொடுத்தால் பிடிக்காது. தானே பிடுங்கிக்கொண்டால்தான் பிடிக்கும். அம்மா இதை அப்பாவிடம் சொன்னது ஒரு புதன்கிழமை. மறுநாள் வியாழக்கிழமை காலையில்தான் அப்பா வள்ளத்து நிழலில் உட்கார்ந்து துருவைத் தேய்த்தார்.

நான் ஓடிப்போய் அப்பாவிடம் கேட்டேன். அவர் மீசையை நீவிக்கொண்டே, “பதினேழா? நான் எப்பம் சொன்னேன்?” என்றார்.

பின்சுவரில் அந்த இரண்டு பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன. வெள்ளை அடிக்கும்போதெல்லாம் அம்மா அந்த இரண்டு இடத்தையும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்வாள். சென்ற முறை ஊருக்குப் போனபோது அவற்றின் நடுவே நின்று என் கைகளை விரித்துப் பார்த்தேன், எட்டவில்லை. நகத்தின் அறுதியில் கோடு போடச் சொன்னாரே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது. அது மே மாதம். ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டேன், ஆறாம் வகுப்புக்கு இன்னும் எங்கேயும் சேரவில்லை. எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.